செஸ்நட் நிழலில் ஒரு லிட்டர்

ஊர் கூடும் இடங்கள் - 9

மியூனிக் நகரத்துப் பீர் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேஜையை. துணி விரித்திருந்தால் அது சர்வர் வந்து பரிமாறும் பகுதி. அங்கே உட்கார்ந்தால் சாப்பாட்டையும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். துணி இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நரைத்துப்போன வெறும் பலகையாகக் கிடந்தால் அது உங்கள் இடம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். குடிப்பதை மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும்.

கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்து சினிமா தியேட்டர் வரைக்கும் ‘வெளி உணவுப் பொருள்களுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது கூச்சமாகத்தான் இருக்கும். யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று பையின் ஜிப்பைத் திறக்கவே கை தயங்கும். தயங்க வேண்டியதில்லை. சொந்தச் சாப்பாட்டைக் காசு கொடுக்காமல் உட்கார்ந்து சாப்பிட விடுகிற இடத்தைத்தான் பீர் தோட்டம் என்று பவேரியா மாநில அரசே வரையறுத்து வைத்திருக்கிறது. மரமும் மேஜையும் பீரும் இருந்து, சாப்பாட்டுக்கு மட்டும் தடை என்றால் அது திறந்தவெளி ரெஸ்டாரன்ட். பீர் தோட்டம் என்று பெயர்ப் பலகை வைத்துக்கொள்ளலாம்; உள்ளூர்க்காரர் மதிக்கமாட்டார்.

இந்தப் பக்கத்தின் அடியில் ஆசிரியர் வழக்கமான எச்சரிக்கை வரியைப் போட்டுக்கொள்வார். போடட்டும், நியாயம்தான். ஆனால் உலகத்தில் திறந்தவெளியில் உட்கார்ந்து குடிக்க நல்ல ஊர் எது என்று யாராவது கேட்டால் என் பதில் மியூனிக். அங்குள்ள பீர் உலகத்திலேயே சிறந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. பெல்ஜியத்துக்காரரும் செக் நாட்டுக்காரரும் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த வெறும் மேஜைக்காகச் சொல்கிறேன்.

அது வந்த கதை, பீர் கெட்டுப்போகிற கதையில் தொடங்குகிறது.

பவேரியர்கள் குடிக்கும் பீர் குளிரில் நொதிப்பது. அதன் ஈஸ்ட் தொட்டியின் அடியில் தங்கி மெதுவாக வேலை செய்யும். அதற்கு நான்கிலிருந்து எட்டு டிகிரிக்குள் குளிர் வேண்டும். சூடு ஏறினால் கண்ட கிருமியும் உள்ளே புகுந்து புளித்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் கோடையில் காய்ச்சுவது காசைக் கரைக்கிற வேலை. போதாக்குறைக்கு, காய்ச்சும் அண்டாக்களின் அடுப்பிலிருந்து பொறி பறந்து ஊர் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. அதனால் 16-ம் நூற்றாண்டிலேயே ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டது. செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளிலிருந்து ஏப்ரல் 23, ஜார்ஜ் திருநாள் வரை மட்டுமே பீர் காய்ச்சலாம்.

பிறகு கோடைக்கு என்ன செய்வது? மார்ச் மாதத்தில் கொஞ்சம் காட்டமாகக் காய்ச்சி, பீப்பாய்களில் அடைத்து, அடுத்த காய்ச்சல் வரைக்கும் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பாதாள அறை வேண்டும். நகரத்துக்குள் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். ஆகவே மதுக்காரர்கள் நகரத்துக்கு வெளியே, இசார் ஆற்றின் மேட்டுக் கரைகளில் தோண்டினார்கள். குளிர்காலத்தில் ஏரி குளங்கள் உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி வண்டியில் கொண்டுவந்து அந்த அறைகளில் அடுக்கினார்கள். மேலே வெயில் தரையைச் சுடாதபடி கூழாங்கல் பரப்பி மரம் நட்டார்கள்.

எந்த மரம் என்பதிலும் கணக்கு இருந்தது. செஸ்நட்டில் இரண்டு வகை உண்டு. தணலில் சுட்டு விற்கிறார்களே, அந்தக் கொட்டை காய்ப்பது வேறு. இது கொட்டை சாப்பிட உதவாத குதிரைச் செஸ்நட், பால்கன் பக்கத்திலிருந்து வந்தது. விரித்த கை அளவுக்கு இலை. ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து வெயில் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் ஓடுவதால் கீழே இருக்கும் அறையின் வளைவுக்கு ஆபத்து இல்லை. குடிக்க வருகிறவருக்கு நிழல் தர வேண்டும் என்று யாரும் நினைத்து நடவில்லை. பீப்பாய்க்கு நட்ட நிழல் அது.

ஆனால் ஜூலை வெயிலில், குளிர்ந்த பீர் ஆற்றங்கரையில் இருக்கிறது, மேலே நிழலும் இருக்கிறது என்று தெரிந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நடந்து வந்தார்கள். மதுக்காரர்கள் மரத்தடியில் பலகை போட்டு அங்கேயே ஊற்றிக் கொடுத்தார்கள். கோழியும் இறைச்சியும் கூட வறுத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் நகரத்துக்குள் சத்திரம் நடத்திக்கொண்டிருந்தவர்களின் வயிறு எரிந்தது. கோடை முழுக்க அவர்கள் கடை காலி. பஞ்சாயத்து ராஜா வரைக்கும் போனது.

பவேரியாவின் முதல் ராஜா முதலாம் மாக்ஸ் யோசஃப் 1812-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி சொன்னது அசல் நாட்டாமைத் தீர்ப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதமும் மதுக்காரர்கள் தங்கள் பாதாள அறை இருக்கும் இடத்திலேயே சொந்தச் சரக்கைச் சில்லறையாக விற்கலாம். கூட ரொட்டி கொடுக்கலாம். வேறு உணவும் வேறு பானமும் கொடுக்கக் கூடாது. சத்திரக்காரனுக்குச் சாப்பாடு, மதுக்காரனுக்குப் பீர்.

இரண்டு வியாபாரிகளின் சண்டையில் லாபம் அடைந்தது மூன்றாவது ஆள். வெறும் ரொட்டியோடு எத்தனை நேரம் உட்கார முடியும்? வீட்டிலிருந்தே சீஸ், முள்ளங்கி, தொத்திறைச்சி என்று கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மனைவியும் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். சாப்பாடு விற்கக் கூடாது என்ற தடை பிற்பாடு போய்விட்டது. இன்று முழுக்கோழி, குச்சியில் குத்தித் தணலில் சுட்ட கானாங்கெளுத்தி, கார் ஸ்டீயரிங் அளவுக்கு ப்ரெட்சல் ரொட்டி என்று எல்லாம் விற்கிறார்கள். கூடை மட்டும் போகவில்லை.

பாதாள அறைகளின் ஆயுள் அதற்குப் பிறகு அறுபது எழுபது வருடம்தான். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கார்ல் வான் லிண்டே 1870-களில் செய்த குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் சோதித்துப் பார்த்ததே அந்த ஊரின் ஸ்பாட்டன் மதுவாலையில்தான். இன்று நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பாட்டன் முறை அந்த இயந்திரம். அது வந்த பிறகு பனிக்கட்டி வெட்ட வேண்டாம், கோடையிலும் காய்ச்சலாம். பாதாள அறைக்கு வேலை இல்லை, மரத்துக்கும் வேலை இல்லை. ஆனால் மரத்தடிக்கு வந்து பழகிய ஜனங்களை யார் திருப்பி அனுப்புவது?

சரி, எங்கே போகலாம்?

மியூனிக்கில் பெரிய மதுவாலைகள் ஆறு: அகுஸ்டீனர், ஹாக்கர்-ப்ஷோர், ஹோஃப்ப்ராய், லோவன்ப்ராய், பவுலானர், ஸ்பாட்டன். பெரிய தோட்டங்களில் ஏதாவது ஒரு ஆலையின் பீர்தான் கிடைக்கும். மெனுவைப் புரட்டிப் பிராண்டு தேடும் வேலை கிடையாது. பொன்னிறத்தில் இருக்கும் ‘ஹெல்லஸ்’தான் எல்லாரும் குடிப்பது. பழங்காலத்துப் பானம்போல் பேசிக்கொள்வார்கள். உண்மையில் 1894-ல்தான் ஸ்பாட்டன் அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மியூனிக் குடித்தது கருத்த பீர்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்பவரை நான் அனுப்புவது அகுஸ்டீனர் கெல்லருக்கு. மெயின் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், ஆர்னுல்ஃப் தெருவில். வெளியே டிராமும் லாரியும் ஓடுகிற சாதாரணத் தெரு. உள்ளே நுழைந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட செஸ்நட் மரங்கள், சுமார் 5,000 பேர் உட்கார இடம். அகுஸ்டீனர் 1328-ம் ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்கிற ஆலை, துறவிகள் ஆரம்பித்தது. மற்ற ஆலைகளில் சில பன்னாட்டுக் கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டன. ஸ்பாட்டனும் லோவன்ப்ராயும் இன்று பட்வைசர் விற்கும் அதே குழுமத்தின் சொத்து. அகுஸ்டீனரின் பெரும்பங்கு ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் இதைக் கட்சி விசுவாசம்போல் பேசுவார்கள்.

இங்கே பீரை மரப் பீப்பாயிலிருந்து ஊற்றுகிறார்கள். இருநூறு லிட்டர் கொள்கிற பீப்பாய். அதைத் தூக்கி மேடையில் ஏற்றி, பித்தளைக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். புதுப் பீப்பாய் திறந்ததும் மணி அடிக்கும். மணி கேட்டதும் பாதி கிளாஸ் மிச்சம் இருந்தாலும் எழுந்து வரிசைக்குப் போகிறவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. மெஷினில் வாயு அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிற பீர் நாக்கில் சுருக்கென்று குத்தும். பீப்பாயிலிருந்து தானாக இறங்குவதில் அந்தக் குத்தல் இல்லை, மிருதுவாக இருக்கும், சீக்கிரம் உள்ளே போகும். இதில் ஆபத்தும் உண்டு. கோப்பை ஒரு லிட்டர், ‘மாஸ்’ என்பார்கள். ஹெல்லஸில் ஆல்கஹால் ஐந்து சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல். நம் கணக்கில் சொன்னால் ஒரு மாஸ் என்பது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ‘பீர்தானே’ என்று மூன்று மாஸ் இறக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறவர்களை எந்தத் தோட்டத்திலும் காணலாம். பெரும்பாலும் அவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் ஒரு மாஸை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெரியது வேண்டும் என்றால் ஹிர்ஷ்கார்டன். 8,000 பேர் உட்காரலாம். ஊரிலேயே பெரிய தோட்டம் இதுதான். நிம்ஃபன்பர்க் அரண்மனைக்குப் பக்கத்தில், 18-ம் நூற்றாண்டில் மான் வேட்டைக்காக ஒதுக்கிய பூங்கா. வேலிக்குப் பின்னால் இப்போதும் மான்கள் நிற்கின்றன. இங்கே ஒரு வழக்கம்: கண்ணாடிக் கோப்பைகள் அலமாரியில் அடுக்கியிருக்கும். நாமே ஒன்றை எடுத்து, பக்கத்தில் ஓடும் தண்ணீரில் அலசிக்கொண்டு போய் நீட்ட வேண்டும். வெறுங்கோப்பையே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசியதால் வெயிலிலும் கோப்பை சில்லென்று இருக்கிறது, நுரையும் சீக்கிரம் சாவதில்லை.

அந்த ஊரில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவர் குடும்பத்தோடு என்னை அங்கே அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை மதியம். துணி இல்லாத மேஜை ஒன்றில் வயதான ஜெர்மன் தம்பதி மட்டும் ஒரு ஓரத்தில் இருந்தார்கள். காலி மேஜை தேடி அலையக் கூடாது; இருக்கிற இடத்தில் ‘இங்கே உட்காரலாமா’ என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டும். கேட்டோம். தலையசைத்து நகர்ந்துகொண்டார்கள். தம்பியின் மனைவி பையிலிருந்து எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து வைத்தார். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு டப்பா நிறைய மோர்மிளகாய். நான் சுற்றிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தம்பி சிரித்தார். “பிரிங்கண்ணே. நாங்க பிரியாணியே கொண்டாந்து சாப்பிட்டிருக்கோம்.”

எதிரே அந்த அம்மாள் தன் கூடையிலிருந்து கட்டம் போட்ட துணியை எடுத்து மேஜையின் தன் பக்கத்துப் பாதியில் விரித்தார். சொந்தத் துணிக்குத் தடையில்லை. அதன்மேல் ஒரு மரப்பலகை. அதில் வெள்ளை முள்ளங்கி ஒன்றை வைத்துக் கத்தியால் அறுக்க ஆரம்பித்தார். மெல்லிசாக, ஆனால் துண்டு விழாமல். முழுதும் அறுத்து முடிந்ததும் முள்ளங்கி ஸ்பிரிங்போல் நீண்டு தொங்கியது. அதன் இடுக்குகளில் உப்பைத் தூவி ஓரமாக வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் முள்ளங்கியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பலகை நனைந்தது. காரம் அப்படித்தான் இறங்குமாம். முள்ளங்கி அழுது முடிக்கும் வரை தொடக்கூடாது என்று அவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தார். அழுது முடித்ததும் ஒரு முனையைப் பிய்த்து எங்கள் பக்கம் நீட்டினார். உப்பும் காரமும் தண்ணீருமாக, பீருக்கு அதைவிட நல்ல சைடிஷ் நான் சாப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்திலிருந்து மோர்மிளகாய் போனது. கிழவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். முகம் சிவந்து, பாதி மாஸைக் காலி செய்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

தம்பியின் பெண் பிள்ளை சறுக்கு மரத்திலிருந்து ஓடிவந்து ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்ததை ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திரும்ப ஓடினாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பா குடிச்சு நான் கண்ணால பாத்ததே இல்லண்ணே. தெரியாம குடிச்சிட்டு வந்து படுத்துக்குவாரு. இவ என்னடான்னா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வளர்றா. எது சரின்னு எனக்கு இன்னும் பிடிபடல” என்றார். ஜெர்மனியில் பதினாறு வயதிலேயே பீர் வாங்கலாம். அவருக்கு இன்னும் பத்து வருட அவகாசம் இருக்கிறது. நான் பதில் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் பிடிபடாத விஷயம்தான்.

விக்டுவாலியன்மார்க்ட் நகரத்தின் நடுவில் இருக்கும் சந்தை. காய்கறி, பூ, சீஸ் கடைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தோட்டம். ஆறு ஆலைகளும் முறை வைத்துக்கொண்டு மாறி மாறி ஊற்றும் ஒரே இடம் என்பது இதன் விசேஷம். சந்தையில் வாங்கிய சீஸை அப்படியே கொண்டுபோய்ச் சாப்பிடலாம். மற்றபடி நெரிசல். ஆங்கிலத் தோட்டம் என்ற பெரிய பூங்காவுக்குள் ஏரிக்கரையில் ஸேஹவுஸ் என்ற பீர் தோட்டம் இருக்கிறது. தண்ணீர், வாத்து, படகு, அழகு எல்லாம் உண்டு. உடை பார்த்து எடை போடும் கூட்டமும் உண்டு. ஒருமுறை பார்க்கலாம். ஸெண்ட்லிங் பகுதியில் கைவிட்ட ரயில் பாலத்தின்மேல் பழைய ஏரிக் கப்பல் ஒன்றை ஏற்றி வைத்துக் குடிக்கும் இடமாக்கியிருக்கிறார்கள். இளவட்டங்களுக்குப் பிடிக்கும். செஸ்நட் இல்லை என்பதால் இந்தக் கட்டுரைக்குள் வராது.

ஆற்று மேட்டின் பாதாள அறைகளில் இன்று இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ரோஸன்ஹைமர் தெருவில் இருந்த புர்கர்ப்ராய்கெல்லர். 1923 நவம்பரில் ஹிட்லர் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது அதன் மண்டபத்தில்தான். 1939 நவம்பர் 8-ம் தேதி அதே மண்டபத்தில் அவரைக் கொல்ல வெடிகுண்டு வைத்தவர் கியோர்க் எல்ஸர் என்ற தச்சர். இரவு இரவாக உள்ளே ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைந்து வைத்தார். குண்டு வெடிக்கப் பதின்மூன்று நிமிடம் இருக்கும்போது ஹிட்லர் கிளம்பிவிட்டார். எட்டுப் பேர் செத்தார்கள். எல்ஸரை 1945-ல், போர் முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், டாஹாவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். கட்டடம் 1979-ல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் நடைபாதைத் தரையில் எல்ஸருக்கு ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். ‘பீர் தோட்டத்தில் எல்லாரும் சமம்’ என்று சுற்றுலாத் துறை அச்சடிக்கும்போது இதைப் போடுவதில்லை. நீண்ட மேஜையில் அந்நியர் பக்கத்தில் அந்நியர் உட்காரும் ஊரில் கூட்டம் சேர்ப்பதும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

கூட்டம் சேர்ந்த இன்னொரு சமயத்தைச் சொல்ல நகரத்தின் தெற்கே, இசார் பள்ளத்தாக்கின் விளிம்பில் க்ரோஸ்ஹெஸ்ஸலோஹே போக வேண்டும். வால்ட்விர்ட்ஷாஃப்ட் என்ற தோட்டம் அங்கே இருக்கிறது. மரத்தடியில் ஜாஸ் வாசிப்பார்கள். சுற்றி வசதியான வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்தையும் கார்களையும் சகிக்க முடியாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட், தோட்டத்தை இரவு ஒன்பதரைக்கே மூடச் சொன்னது.

ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பதரைக்கு இருட்டுவதே இல்லை. வேலை முடிந்து வருகிறவன் முதல் கோப்பையைத் தொடும் நேரம் அது. ஒரு தோட்டத்துக்கு வந்தது நாளை எல்லாத் தோட்டத்துக்கும் வரும் என்று புரிந்ததும் ஊர் கொதித்தது. 1995-ம் ஆண்டு மே 12-ம் தேதி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மியூனிக் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பீர் தோட்டப் புரட்சி என்றே அதற்குப் பெயர். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அரசாங்கம் சிரிக்கவில்லை. அந்த மாதமே மாநில அரசு தோட்டங்களைக் காப்பாற்ற ஓர் ஆணை போட்டது. அண்டை வீட்டாரை அது போதுமான அளவு பாதுகாக்கவில்லை என்று 1999 ஜனவரியில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஏப்ரலிலேயே திருத்திப் புதிதாகப் போட்டார்கள். இன்றும் அதுதான் அமலில் இருக்கிறது. பத்து மணிக்குப் பாட்டு நிற்க வேண்டும். பத்தரைக்குக் கடைசி ஆர்டர். பதினொன்றுக்கு மூட வேண்டும்.

எதற்காக இந்தத் தனிச் சலுகை என்பதற்கு அரசு சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்த பகுதி. வீட்டில் தோட்டம் இல்லாத நகரத்து ஜனங்களுக்கு அது பொழுதுபோக்கு இடம், சமூகத்தின் எல்லாத் தரப்பும் கலக்கும் இடம். மரத்தடியும் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைக் காசில்லாமல் சாப்பிடும் வசதியும் இருந்தால்தான் அது பீர் தோட்டம். 1812-ல் சத்திரக்காரர்களைச் சமாதானப்படுத்தப் போட்ட தடையின் மிச்சம், 1999-ல் சட்டத்தின் பாதுகாப்புக்கே நிபந்தனையாகிவிட்டது. அண்டை வீட்டுக்காரர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். குழந்தையைத் தூங்கவைக்கப் பார்க்கிறவருக்கு ஜாஸும் இரைச்சல்தான். ஆனால் பதினொரு மணிக்குச் சுத்தமாகக் கடை மூடிவிடுகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மனிதர்களைவிட மரங்களுக்குத்தான் இப்போது தொந்தரவு. பால்கனிலிருந்தே வந்த ஒரு பூச்சி, அரிசி மணி அளவுகூட இல்லாத அந்துப்பூச்சி, செஸ்நட் இலையின் உள்ளே புகுந்து சுரங்கம் தோண்டுகிறது. ஆகஸ்டிலேயே இலைகள் பழுப்பேறிச் சுருள்கின்றன. விழுந்த இலையில்தான் அதன் கூட்டுப்புழு குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால், இலையுதிர் காலத்தில் ஒரு இலை விடாமல் கூட்டி அள்ளி எடுத்துப் போகிறார்கள். ஆகவே போவதென்றால் மே, ஜூனில் போங்கள். மே மாதத்தில் பூவும் இருக்கும். வெள்ளைப் பூ கோப்பைக்குள் விழும், எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்க வேண்டியதுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாஸ் பத்து யூரோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். செப்டம்பரில் அக்டோபர் திருவிழாக் கூடாரத்துக்குள் போனால் அதுவே 15 யூரோவைத் தாண்டிவிடுகிறது. கோப்பைக்கு முன்பணம் கேட்டால் கொடுங்கள், திருப்பிக் கொடுத்ததும் வாங்கிக்கொள்ளலாம். கூட்ட நேரத்தில் அரை லிட்டர் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. முழு லிட்டர் பயமாக இருந்தால் ‘ராட்லர்’ கேளுங்கள்: பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா. யாரும் கேலி செய்யமாட்டார்கள். கிளாஸைத் தட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். அதைத் தவறவிட்டால் மட்டும் கேலி உண்டு. பலரும் சைக்கிளில் வருவதைப் பார்த்து நீங்களும் வாடகை சைக்கிள் எடுக்காதீர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரோமிலை (ஆயிரத்தில் 1.6 பங்கு) தாண்டினால் சைக்கிள் ஓட்டுவதும் அங்கே கிரிமினல் குற்றம். கார் லைசென்ஸுக்கே வேட்டு வைத்துவிடுவார்கள்.

கடைசியாக, சீனக் கோபுரம். ஆங்கிலத் தோட்டத்தின் நடுவே, மரத்தாலான ஐந்தடுக்குக் கோபுரம். 25 மீட்டர் உயரம், லண்டன் க்யூ தோட்டத்துப் பகோடாவைப் பார்த்து 1790-ல் கட்டியது. 1944 ஜூலையில் குண்டு விழுந்து எரிந்துபோய், 1952-ல் பழைய அச்சிலேயே திரும்பக் கட்டினார்கள். அதைச் சுற்றி 7,000 பேர் உட்காரலாம். வார இறுதியில் கோபுரத்தின் முதல் மாடியில் உட்கார்ந்து பித்தளை வாத்தியம் வாசிப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடம் என்று உள்ளூர் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலான நாள்களில் அவர்கள் சொல்வது சரி.

ஜூலை மூன்றாவது ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. 19-ம் நூற்றாண்டில் இந்த ஊரின் சமையற்காரிகள், வேலைக்காரப் பெண்கள், வண்டிக்காரர்கள், தாதிகள் எல்லாம் கோடை ஞாயிறுகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு இங்கே கூடி ஆடினார்கள். எஜமானர்கள் எழுந்து காபி கேட்பதற்குள் எட்டு மணிக்கு வீடு திரும்பியாக வேண்டும். அவர்களுக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான். நல்ல நாள்களில் ஐயாயிரம் பேர் வரை சேர்வார்களாம். ஒழுக்கம் கெடுகிறது என்று 1904-ல் தடை செய்தார்கள். ஆங்கிலத் தோட்டத்தின் 200-வது ஆண்டை ஒட்டி 1989-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து மறுபடியும் நடந்துவருகிறது. அந்தக் காலத்து வேலைக்காரர்களின் உடையில், ஏப்ரனும் தொப்பியுமாகவே வருகிறார்கள். ஆறு மணிக்கு வாத்தியம் தொடங்கும், பத்துக்கு முடிந்துவிடும். நடனம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம், சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. மேஜை வேண்டும் என்றால் மட்டும் இருட்டோடு போய்விடுங்கள். மெழுகுவர்த்தியும் கூடையுமாக நாலு மணிக்கே இடம் பிடித்து வைத்திருப்பவர்கள், ஆறு மணிக்கு நிதானமாக வருகிறவருக்கு நகர்ந்து இடம் தருவார்கள் என்று நான் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன்.

(தொடரும்)